போதைப்பொருளால் வந்த உளப்பிறழ்வு: அறிதிறன் சோதனையை எப்போது செய்வது?

கேள்வி (மருத்துவ உளவியல் மாணவி):
மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்கப்பொருளைப் பயன்படுத்திய பின் காதில் குரல் கேட்பதாகவும், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவும் சொல்லி, உளப்பிறழ்வு (இல்லாததை உண்மையென உணரும் நிலை) என்று சேர்க்கப்பட்ட ஓர் இளைஞருக்கு முதல் வாரத்திலேயே மோக்கா சோதனை (நினைவு, கவனம் போன்ற அறிதிறன்களை அளக்கும் குறுஞ்சோதனை) செய்தோம். 30-க்கு 19 மதிப்பெண்கள் வந்தன. 26-க்குக் கீழே என்பதால் இதை அறிதிறன் குறைபாடு என்று பதிவு செய்யலாமா?

பதில் (மனநல மருத்துவர்):
வேண்டாம். ஊக்கப்பொருளை நிறுத்தியவுடன் வரும் கடும் சோர்வும், பல நாள் தூக்கமின்மையும், நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய தூக்க மருந்தும் அந்த 19-க்குள் கலந்தே இருக்கின்றன. உளப்பிறழ்வு மருந்தால் வரும் கை நடுக்கத்துக்காக டிரைஹெக்சிபெனிடில் கொடுத்திருந்தால், அதுவே நினைவாற்றலைக் குறைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னர், அவருடைய கவனம் மணிக்கு மணி ஏறி இறங்குகிறதா, நாளும் இடமும் குழம்புகின்றனவா என்று பார்த்து டெலிரியம் (உடல்நோய், மருந்து போன்றவற்றால் திடீரென வரும் மனக்குழப்பம்) இல்லை என உறுதி செய்யுங்கள். அது இருந்தால் அறிதிறன் சோதனையை ஒத்திவைத்துவிட்டு அதன் காரணத்தைத் தேட வேண்டும். பொருளை விட்டு ஏறக்குறைய ஒரு மாதம் கடந்தும் உளப்பிறழ்வு நீடித்தால், மனச்சிதைவு போன்ற வேறொரு நோயைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5. விரிவான சோதனைக்கும் அந்தக் காலக்கெடுவையே நான் பின்பற்றுகிறேன்.

பதில் (நரம்பு உளவியலாளர்):
மோக்கா முதியோரிடம் தோன்றும் லேசான அறிதிறன் குறைபாட்டைச் சலித்தெடுக்க உருவான கருவி என்பதையும், பள்ளிப்படிப்பு 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவோ என்றால் அதில் ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். உளப்பிறழ்வில் முதலில் அடிபடுபவை பெரும்பாலும் கவனம், சொல் நினைவு, செயல்வேகம், திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் ஆகியவை. எனவே எண்களைத் தலைகீழாகச் சொல்லுதல், சொற்பட்டியல் கற்றல், ஸ்ட்ரூப் (நிறப்பெயரைப் படிக்காமல் அது அச்சான நிறத்தைச் சொல்லும் சோதனை), டிரெயில் மேக்கிங் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். டிரெயில் மேக்கிங்கின் இரண்டாம் பகுதியில் 1, ஏ, 2, பி என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். ஒருவர் வரிசையைத் தவறவிட்டு 1, 2, 3 என்றே போவதும், 'இந்தக் கோடு யாருக்கோ சமிக்ஞை கொடுக்கிறது' என்று பென்சிலை வைத்துவிடுவதும் கடிகாரத்தில் ஒரே தாமதமாகத்தான் தெரியும். ஆகவே நேரத்துடன், நடந்ததையும் எழுதி வையுங்கள். மறுசோதனையில் மாற்றுப் படிவம் பயன்படுத்தாவிட்டால் பழக்கத்தால் கூடிய மதிப்பெண்ணைக் குணமடைந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்வோம்.

பதில் (மனநலச் சமூகப் பணியாளர்):
ஒரு மாதம் காத்திருப்பது முறையே, ஆனால் அதற்குள் பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள்; மீண்டும் வருவோர் சிலரே. மருந்து அட்டவணையை அவர் நினைவில் வைத்துக்கொள்வாரா, யாராவது உடனிருந்து கொடுக்க வேண்டுமா என்று அனுப்பும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு ஒரு சிறு சோதனை போதும். அதை நோயறிதலாகப் பதிந்துவிட்டால்தான் வம்பு. பின்னாளில் வேலைக்குத் தகுதிச் சான்று கேட்டு வரும்போதும் அந்தக் கோப்பு எடுக்கப்படும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'கடும்நிலையில் எடுத்த மதிப்பெண்' என்ற குறிப்புடன் தேதியையும் மருந்துகளின் அளவையும் சேர்த்துப் பதிகிறேன். கஞ்சாவும் பயன்படுத்தியவர் என்பதால் சிறுநீர்ச் சோதனை எதிர்மறையாகும் வரை மறுசோதனையைத் தள்ளிப்போட வேண்டுமா?

பதில் (மனநல மருத்துவர்):
அவசியமில்லை. நாள்தோறும் பயன்படுத்தியவரின் சிறுநீரில் அதன் எச்சம் பல வாரங்கள் தெரியும். அதை வைத்து அவர் இப்போது போதையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. கடைசியாக எப்போது பயன்படுத்தினார் என்பதை அவரிடமும், உடன் இருப்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.