சங்கம் மாறிய வீடும் இடதுசாரிப் பேரனும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் தம்மைக் காங்கிரஸ்காரர், அதாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர், என்று சொல்வதைக் கேட்டு அவருடைய கொள்கையை ஆராயப் புகுபவர் ஏமாந்துதான் போவார். அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்த நான் கண்டவரையில், கூரைத் தகரம் ஒழுகினாலோ கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டாலோ துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) தமக்காகப் பேசப் போகிறவர் யார் என்பதையே அவர் சொல்கிறார்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுக்கு, சந்தா கட்டிச் சேர்ந்த தொழிற்சங்கமே எஞ்சியிருந்த அரசியல். அதனால் சங்கத்தின் பெயர் குடும்பப் பெயரைப் போல ஒட்டிக்கொண்டது. இன்னும் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இது காங்கிரஸ் வீடு, அது செங்கொடி (இடதுசாரிச் சங்க) வீடு என்றுதான் காம்பராக்களை (அறைகளை) காட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஓர் அம்மாவிடம், செங்கொடியிலிருந்து காங்கிரசுக்கு ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன். "பீலிக்கரையில (தண்ணி புடிக்கிற எடத்துல) எங்க வீட்டுக்காரருக்கும் சங்கத் தலைவருக்கும் சண்டை, சேர். மறு மாசமே சங்கம் மாறுறதுக்குப் பாரம் எழுதிக் குடுத்துட்டோம்" என்றார். சித்தாந்தம் பற்றி அவர் பேசவேயில்லை. (எத்தனை பேர்தான் பேசுகிறார்கள்?)

கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய பேரன், 2024 தேர்தல் காலத்தில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு ஆதரவு தேடி ஊருக்கு வந்தபோது, தன்னை இடதுசாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியே 1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் பங்கேற்றது. அந்த ஆட்சியில்தான் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1973, 1974ஆம் ஆண்டுகளில் லயங்களில் பட்டினி பரவியது. அந்த அம்மாவுக்குச் சிவப்பு என்றால் கூப்பன் மாவுக்கு வரிசையில் நின்ற காலம்.

பேரனோ அதையெல்லாம் அறியாதவர். தேசிய மக்கள் சக்தியின் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்ககால அரசியல் வகுப்புகளில் இந்திய விஸ்தரிப்புவாதம் என்ற தலைப்பில் தோட்டத் தொழிலாளரையும் சந்தேகத்துடன் நோக்கியதை நான் எடுத்துச் சொன்னேன். "அது பழைய கதை, சேர். கொழும்புல எனக்குத் தோட்டத் தலைவரும் இல்ல, துரையும் இல்ல. தாத்தா சேர்ந்த சங்கத்துக்கு நான் ஏன் கட்டுப்படணும்?" என்றார். இடதுசாரி என்பதற்கு அவர் கொண்ட பொருள் இவ்வளவே என்று எனக்குத் தோன்றியது. அதை அற்பமென்று தள்ளவும் மனம் வரவில்லை. அந்த நவம்பரில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது.

ஆனால் அந்தப் பேரனின் தாயின் சம்பளத்திலிருந்து காங்கிரசுக்கான சந்தா இப்போதும் கழிக்கப்படுகிறது. அவர் இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்.