பெட்ரோல் முள் குதிக்கிறது: டேங்கைத் திறப்பதா, வயரைப் பார்ப்பதா?

வேளச்சேரிவாசி:
பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஃபுல் டேங்க் போட்டாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் சட்டென்று காலுக்கு விழுகிறது, கொஞ்ச தூரம் போனதும் தானாக ஏறிக்கொள்கிறது. மெக்கானிக் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "ஃப்ளோட் போச்சு சார், பம்ப் அசெம்பிளியையே மாத்திடலாம்" என்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து முள்ளைவிட என் நெஞ்சுதான் அதிகம் குதிக்கிறது. மாற்றிவிடலாமா?

ஸ்பானர்:
அவசரப்படாதீர்கள் சார். காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடியுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சரிவில் நின்றால் நல்ல முள்ளும் தப்பாகத்தான் காட்டும். சாவியை ஆன் செய்ததும் டெம்பரேச்சர் முள், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் வருகின்றனவா? அவையும் செத்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். அவை ஒழுங்காக இருந்து பெட்ரோல் முள் மட்டும் ஆடினால், கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் மீட்டருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஃப்ளோட் எனப்படும் மிதவையின் கை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசியபடி நகர்கிறது. பெட்ரோல் மட்டம் மாறினால் தடை மாறும், மீட்டர் அதை முள்ளில் காட்டும். இடையில் ஒரு கனெக்டர், ஓர் எர்த் வயர். டேங்க் காலியாக ஆகத் தடை கூடும் வண்டிகள் நிறைய உண்டு. அவற்றில் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தாலே போதும், முள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஃபுல் டேங்கில் முக்கால் என்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. வேளச்சேரி என்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றதா?

ஜிபிரோடு:
நான் ஸ்பேர்ஸ் கடையில் இருப்பவன். விற்கத்தான் பேசுவேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. குலுங்கும்போது முள் விழுகிறது என்றால் பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம்மூரில் முக்கால்வாசிப் பேர் 500 ரூபாய்க்குப் போடுகிறவர்கள். அதில் 5 லிட்டர்கூட முழுதாக வருவதில்லை. மிதவை வருஷக்கணக்காக அடிப்பக்கத்திலேயே மேலும் கீழும் ஆடினால், பட்டையில் அந்த இடம்தான் முதலில் போகும். களிம்பைச் சுரண்டி அதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. வீடியோவைப் பார்த்துவிட்டு, பின் சீட்டைத் தூக்கி, சென்சார் வயரை எர்த்தோடு சேர்த்து முள் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். பழைய ஒற்றை வயர் வண்டிக்கு அது சரி. கம்ப்யூட்டர் வழியாக மீட்டருக்குப் போகிற புது வண்டியில் எந்த வயரை எங்கே தொடுகிறோம் என்றே தெரியாமல் செய்கிறார்கள். பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் பொறி பறந்தால் யார் பொறுப்பு?

ஸ்பானர்:
அந்த எர்த் சோதனையை நானும் சொல்லவில்லையே, அண்ணே. நான் சொல்வது அதைவிடச் சாதுவானது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, வெட்டவெளியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கனெக்டரைப் பிரித்து, டேங்க் பக்கத்து சென்சார் பின்களில் மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் பின்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாவற்றையும் மாட்டி, பெட்ரோல் பங்குக்குப் போய் ஃபுல் போட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக மாறியிருந்தால் மிதவை வேலை செய்கிறது, டேங்கைத் திறக்கவே தேவையில்லை. புது வண்டி என்றால் ஸ்கேனர் போட்டு பி0460 முதல் பி0464 வரை, பெட்ரோல் மட்ட சென்சாருக்கான பிழைக் குறியீடு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஜிபிரோடு:
இரண்டு இடத்தில் அளந்தால் இரண்டு இடம்தான் தெரியும், தம்பி. நடுவில் ஒரு விரற்கடை தேய்ந்திருந்தால் உங்கள் மீட்டருக்கு அது எப்படித் தெரியும்?

இசிஆர்காரன்:
எதற்கு இவ்வளவு சண்டை? ஃபுல் டேங்க் போடுங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், 300 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி போடுங்கள். என் வண்டியில் முள் எப்போதோ செத்துவிட்டது. நிம்மதியாக ஓட்டுகிறேன்.

ஸ்பானர்:
ஈசிஆரில் அது சரி. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே ஏசி போட்டுக்கொண்டு நின்றால் ட்ரிப் மீட்டர் ஓடாது, பெட்ரோல் மட்டும் ஓடும். டேங்கை அடிக்கடி வறட்டினால் பம்புக்கும் ஆபத்து. அது பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. முள்ளுக்குச் செலவழிக்காமல் பம்புக்குச் செலவழிப்பீர்கள்.

போரூர்_பெட்ரோல்:
எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்த வினை. இ20 (20 சதவீத எத்தனால்) வந்ததிலிருந்து சென்சார் அரித்துப்போகிறது.

ஜிபிரோடு:
இதில் மட்டும் நானும் ஸ்பானர் மாதிரி அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கு ஆகாது, அதெல்லாம் சரி. ஆனால் முள் ஆடினாலே எத்தனால் என்று சொல்லிவிட முடியாது. 2004இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் ஏராளமான வண்டிகளில் பெட்ரோல் முள் கெட்டது. காரணம் பெட்ரோலில் இருந்த கந்தகம். சென்சாரின் வெள்ளித் தொடுமுனைகளை அது கெடுத்துவிட்டது. நம் பிஎஸ்6 (இந்திய மாசுக் கட்டுப்பாட்டு விதி) பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம். அதற்கு முந்தைய பிஎஸ்4இல் 50.

வேளச்சேரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பானர் சார், புயலில் தண்ணீர் சீட் வரை ஏறியது உண்மைதான். பின் சீட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு இன்னும் சேற்று நிறத்தில்தான் இருக்கிறது. கனெக்டரைப் பிரித்தால், நான்கு பின்னில் ஒன்றின் மேல் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. எர்த் வயர் போல்ட்டுக்குக் கீழே துரு. காண்டாக்ட் கிளீனர் அடித்து, போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். ஓம்ஸும் நீங்கள் சொன்னபடி மாறுகிறது. இப்போது ஃபுல் டேங்கில் முள் முழுசாக ஏறுகிறது!

ஆனால் ஜிபிரோடு அண்ணே, அரைக்குக் கீழே வந்ததும் கத்திப்பாரா பாலத்தில் வளைந்து ஏறும்போது இன்னும் துள்ளுகிறது. முன்போல அடியோடு விழுவதில்லை.

ஸ்பானர்:
வளைவிலும் ஏற்றத்திலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், கொஞ்சம் ஆடுவது இயல்புதான். நேரான சாலையில் சீராக ஓட்டும்போது துள்ளுகிறதா என்று பாருங்கள்.

வேளச்சேரிவாசி:
நேரான சாலையிலும் ஒரே இடத்தில், காலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நொடி விழுந்து எழுகிறது.

ஜிபிரோடு:
நான் சொன்ன விரற்கடை அதுதான். அதற்காக முழு அசெம்பிளி வாங்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு மிதவையும் பட்டையும் சேர்ந்த சென்சார் யூனிட் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மெக்கானிக்கிடம் விடுங்கள், மேல் மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழசையே போட்டால் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும்.

ஸ்பானர்:
ரிசர்வ் விளக்கு சரியாக எரிகிற வரை நான் அதை மாற்ற மாட்டேன். ஒரு நொடித் துள்ளலுக்கு டேங்கைத் திறப்பது எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

ஜிபிரோடு:
நிறைய வண்டிகளில் அந்த விளக்கும் அதே பட்டையைப் பார்த்துத்தான் எரிகிறது, தம்பி.