‘அகடமிக் ஃப்ரீடம்’: கல்விச் சுதந்திரமா, புலமைச் சுதந்திரமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘அகடமிக் ஃப்ரீடம்’ (academic freedom) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘கல்விச் சுதந்திரம்’ என்பதே முடிவாகிவிடும் போலத் தெரிகிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நமக்கு இந்தச் சொல் அமெரிக்க உயர்கல்வி வரலாற்றுக் கட்டுரைகளுக்காகத் தேவைப்படுகிறது, அங்கே அது எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்காமல் பெயர் வைத்தால் பாதிப் பொருள் கைநழுவிவிடும்.

இந்தக் கருத்து ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சரக்கு. 1815-இல் ஜார்ஜ் டிக்னர், எட்வர்டு எவரெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்கள். அன்றைய அமெரிக்கக் கல்லூரி என்பது பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பிப்பதுதான். போகும்போது பெரிதாகத் தெரிந்த ஹார்வர்டு நூலகம், திரும்பி வந்து பார்த்தபோது ஓர் அலமாரி அளவுக்குத்தான் இருந்தது என்று டிக்னரே எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் பின் அந்த நூற்றாண்டு முழுக்க ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் பெர்லின், லைப்சிக், ஹைடல்பெர்க் என்று போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். 1876-இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்த ஆய்வுப் பல்கலைக்கழக முறையை வைத்தே எழுந்தது.

அப்படிப் போனவர்கள் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று லேர்ஃப்ரைஹைட்: எதை ஆராய்வது, எதைக் கற்பிப்பது என்று பேராசிரியரே தீர்மானிப்பது. இன்னொன்று லெர்ன்ஃப்ரைஹைட்: மாணவர் விரும்பிய பாடத்தைக் கேட்கலாம், வருகைப்பதிவு கிடையாது, ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்னொன்றுக்கு மாறலாம், கடைசியில் தேர்வு எழுதினால் போதும். இரண்டாவது ஹார்வர்டில் அதன் தலைவர் சார்லஸ் எலியட் விரிவாக்கிய விருப்பப்பாட முறைக்கு ஊட்டமாக இருந்தது. முதலாவதுதான் நம் சொல்லுக்கு வேர்.

ஆனால் அமெரிக்காவில் பேராசிரியர் அரசு ஊழியர் இல்லை; அறங்காவலர் குழு வேலைக்கு வைத்த ஆள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபோர்டு சொன்னதால் 1900-இல் அங்கே எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஜப்பானியக் குடியேற்றத்தை எதிர்த்து அவர் பேசியது இனவெறிப் பேச்சு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒருவர் பொதுமேடையில் பேசியதற்காக நிறுவனர் குடும்பம் அவரை வெளியேற்றலாமா என்ற கேள்வி பெரிதாக வெடித்தது. அதை எதிர்த்துத் தன் வேலையை விட்டவர்களில் ஒருவர், அங்கே தத்துவம் கற்பித்த ஆர்தர் லவ்ஜாய். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1915-இல் வெளியிட்ட பிரகடனத்தை எழுதியவர்களில் அவரும் இருந்தார்.

அந்தப் பிரகடனம் அந்த இரண்டு ஜெர்மன் சொற்களையும் சொல்லித்தான் தொடங்குகிறது. உடனே, நாம் பேசப்போவது ஆசிரியரின் சுதந்திரத்தை மட்டுமே என்று மாணவர் பக்கத்தை விலக்கிவிடுகிறது. பிறகு மூன்றைச் சொல்கிறது: ஆய்வு, வகுப்பறைக் கற்பித்தல், வளாகத்துக்கு வெளியே பேச்சும் செயலும். இந்த மூன்றாவதுதான் அமெரிக்கா சேர்த்தது. ஜெர்மனியில் அதற்கு அவ்வளவு இடம் இருக்கவில்லை. சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதற்காகவே லியோ அரோன்ஸ் என்ற இயற்பியலாளரை பெர்லின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்ற 1898-இல் ஜெர்மன் மாநிலமான பிரஷ்யா தனிச் சட்டமே போட்டது, 1900-இல் வெளியேற்றியும்விட்டது.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கல்விச் சுதந்திரம்’ என்றால் படிக்கும் வாய்ப்பு என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள், பக்கத்திலேயே கல்வி உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. ‘கருத்துச் சுதந்திரம்’ எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. இதுவோ துறை அறிவின் பேரில் கிடைப்பது, தவறு நடந்ததா என்பதை அதே துறை அறிஞர்களே விசாரிக்க வேண்டும் என்பது 1915-இன் முக்கியமான வாதம். ‘கற்பிக்கும் சுதந்திரம்’ மூன்றில் ஒன்றை மட்டும் பிடிக்கிறது.

என் பரிந்துரை ‘புலமைச் சுதந்திரம்’. புலமை என்றால் பழைய புலவர் நினைவு வரும் என்று மறுப்பு வரலாம், ஆனால் மொழிப்புலமை என்று இன்றும் சொல்கிறோம், இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறார்கள். ‘சுதந்திரம்’ வடசொல், ‘விடுதலை’ போடலாமே என்பவர்களுக்கு: ‘புலமை விடுதலை’ என்றால் புலமையிலிருந்தே விடுதலை என்று படிக்க இடம் இருக்கிறது, அது வேண்டாம். லேர்ஃப்ரைஹைட், லெர்ன்ஃப்ரைஹைட் என்ற ஜெர்மன் இணைக்கு ‘கற்பிப்போர் சுதந்திரம்’, ‘கற்போர் சுதந்திரம்’ என்று வைத்தால் இரண்டும் ஒரே அச்சில் இருக்கும், எது எங்கே போனது என்று கட்டுரையில் விளக்கவும் வசதி.

சந்தி குறித்தோ பொருள் குறித்தோ மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள். பேராசிரியரை எளிதில் நீக்க முடியாதபடி காக்கும் ‘டென்யூர்’ (tenure) என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன், ‘பணி நிரந்தரம்’ அதற்குப் போதாது.