ஒயரா, பட்ஸா? தாதரில் ஒன்று தொலைந்த பிறகு

டோம்பிவிலிக்காரன்:

போன திங்கட்கிழமை காலை மும்பை தாதர் ஸ்டேஷனில் என் வலது காது பட், அதாவது ஒயர் இல்லாத இயர்போனில் ஒன்று, தண்டவாளத்தில் விழுந்தது. மூன்று வருஷத்தில் இது மூன்றாவது. முதலாவது குர்லா பாலத்தில் போனது. இரண்டாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இந்த மூன்றாவதைத்தான் கண்ணெதிரே பறிகொடுத்தேன்.

ஃபாஸ்ட் லோக்கலில் வந்து தாதரில் இறங்குவது என்றால் நாம் இறங்குவதில்லை, பின்னால் நிற்பவர்கள் நம்மை இறக்கிவிடுகிறார்கள். யாருடைய பை வாரோ காதில் உரசியது. அவ்வளவுதான். வண்டி கிளம்பியதும் குனிந்து பார்க்கிறேன், ஜல்லிக்கு நடுவே ஒரு குட்கா உறைக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடக்கிறது. இடது காதில் பாட்டு நிற்கவே இல்லை. ஃபோனில் ‘வலது 80%’ என்று காட்டுகிறது. அப்படியானால் கீழே கிடந்தபடி அதுவும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது, தாதர் எலிகளுக்கு.

குதித்து எடுத்துவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு: 1,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை உள்ளேயும் போகலாம். அதைவிட, பிளாட்பாரக் கோடியில் நின்ற ஹோம்கார்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வண்டி வந்தது. அது போன பிறகு ஃபோனில் இடது மட்டும்தான் இருந்தது.

ஜோடி 3,200-க்கு வாங்கியது. சர்வீஸ் சென்டரில் வலது மட்டும் 1,900 என்றார்கள். ஒற்றைச் செருப்புக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள்? சரி, ஒயருக்கே போய்விடுவோம் என்று அலமாரியில் கிடந்த பழைய இயர்போனை எடுத்தேன். செருகத் துளை எங்கே இருக்கிறது? 2016-ல் ஐஃபோன் 7-இல் அந்தத் துளையை எடுத்தபோது மேடையில் அதற்குத் ‘தைரியம்’ என்று பெயர் வைத்தார்கள். சிரித்த கம்பெனிகளுக்கும் பின்னாலேயே அந்தத் தைரியம் வந்துவிட்டது. ஐஃபோன்காரர்கள் கொஞ்சநாள் மாற்று பின்னாவது பெட்டியில் கொடுத்தார்கள். 2018-ல் அதை நிறுத்தினார்கள், 2020-ல் இயர்போனையும் நிறுத்தினார்கள்.

பழைய இயர்போனை ஃபோனின் சார்ஜ் துளையில் மாட்ட, ஸ்டேஷனுக்கு வெளியே 120 ரூபாய்க்கு ஒரு சி-பின் கனெக்டர் வாங்கினேன். சாயந்திரம் வண்டியில் செருகிப் பாட்டைப் போட்டால் அது ஃபோன் ஸ்பீக்கரிலேயே அலறுகிறது. அன்றைக்குப் பெட்டி முழுக்க என் ரசனையைத் தெரிந்துகொண்டது. கோளாறு கனெக்டரிலா, ஃபோனிலா? உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?


தாராவி சால்டரிங்:

தம்பி, இரண்டிலும் கோளாறு இல்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. 90 அடி ரோட்டில் என் கடைக்கு வாரத்தில் நாலு பேராவது இந்தப் புகாரோடு வருகிறார்கள். ஃபோனுக்குள் பாட்டு எண்ணாக இருக்கிறது. அதை ஒயரில் ஓடும் மின்சாரமாக மாற்ற டி.ஏ.சி. என்று ஒரு சிப் வேண்டும். துளை இருந்த காலத்தில் மாற்றுகிற வேலையை ஃபோனே பார்த்தது. இப்போதும் சில ஃபோன்கள் மாற்றிய ஒலியை சி-பின் வழியே வெளியே அனுப்பும். அவற்றுக்கு உன் 120 ரூபாய் கனெக்டர் போதும், அதற்குள் வெறும் கம்பிதான். உன் ஃபோன் போல நிறைய ஃபோன்கள் எண்ணை மட்டும்தான் அனுப்பும். அவற்றுக்குச் சிப் உள்ள கனெக்டர் வேண்டும். பெட்டியில் டி.ஏ.சி. என்று போட்டிருக்கிறதா பார். போடாவிட்டால் கடையிலேயே செருகிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடு. என்னிடம் 450-க்கு இருக்கிறது. விளம்பரம் இல்லை, விலை சொன்னேன்.

ஒயர் அறுந்தாலும் தூக்கிப் போடாதே. பத்தில் எட்டு பின்னிலிருந்து இரண்டு விரல்கடைக்குள்தான் அறுந்திருக்கும். ஃபோனைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறவர்களுடையது இன்னும் சீக்கிரம் போகும். நான் அந்த இடத்தில் வெட்டி ரப்பர் தோலை உரிப்பேன். உள்ளே தலைமுடி மாதிரி சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இழைகள் இருக்கும், நடுவே நைலான் நூலும் ஓடும். அந்த நிறமே ஒரு பூச்சுதான், அது இருக்கிறவரை ஈயம் ஒட்டாது. லைட்டரை ஒரு கணம் காட்டினால் நூல் சுருண்டு கருகும், பூச்சும் போகும். அப்புறம் புதுப் பின்னில் சிவப்பை வலதுக்கும் பச்சையை இடதுக்கும் செம்பை எர்த்துக்கும் பற்றவைக்க வேண்டியதுதான். சில கம்பெனியில் நிறம் மாறும், அதனால் பாட்டைப் போட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். 80 ரூபாய், கால் மணி நேரம்.

பட்ஸைக் கொண்டுவந்தால் திருப்பித்தான் அனுப்புகிறேன். இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி களைத்துவிடும். ஒவ்வொன்றுக்குள்ளும் பட்டன் அளவுக்கு ஒரு செல், சுற்றிலும் பசை. திறந்தால் உடையும். உடைந்தால் சண்டை எனக்கு.


காட்கோபர் ஷேர் ஆட்டோ:

தண்டவாளம் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். சத்தம் தடுக்கும் பட்ஸைப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் லைன் தாண்டுகிற பையன்களைப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. ஹாரன் கேட்காது தம்பிகளா.


மாட்டுங்கா மாமி:

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு குற்றவுணர்ச்சி உண்டு. 2020 ஊரடங்கில் பாட்டு வகுப்பை ஃபோனுக்கு மாற்றினேன். நெட்டில் குரு-சிஷ்யை சேர்ந்து பாட முடியாது என்பதால் ஒரு வழி வைத்திருந்தேன். மிருதங்கம் பதிவு செய்த ஃபைலை அனுப்புவேன், குழந்தைகள் அதைக் காதில் கேட்டபடி பாடி, ஃபோனிலேயே இரண்டையும் சேர்த்துப் பதிந்து அனுப்ப வேண்டும். ஒரு பெண், நல்ல தாளக்கட்டு உள்ளவள், அவள் அனுப்புவதெல்லாம் இடம் பிந்தியே வந்தது. பாட்டு தொடங்கும் எடுப்பு, வரி வந்து நிற்கும் அறுதி, எல்லாமே கொஞ்சம் தள்ளி. மூன்று வாரம் திட்டினேன். கையில் தாளம் போடு, போட்டுப் பாடு என்று படுத்தினேன். போட்டுத்தான் பாடினாளாம், பாவம்.

அவள் அண்ணா ஒருநாள் சொன்னான், “மாமி, அவ பட்ஸ் போட்டுண்டு பாடறா.” ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர நேரம் ஆகிறதாம். சாதாரண பட்ஸில் நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகலாமாம். சதுஸ்ர நடையில் ஒரு அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, 4 மாத்திரை. அட்சரத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால் ஒரு மாத்திரை கால் நொடி. ஏறக்குறைய ஒரு மாத்திரையை அந்தப் பட்ஸ் முழுங்கிவிட்டது. அவள் காதில் விழுந்த மிருதங்கத்துக்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறாள், ஃபோன்தான் இரண்டையும் தள்ளித் தள்ளிப் பதிந்திருக்கிறது. ஒயர் போட்டுப் பாடச் சொன்னேன். முதல் பதிவிலேயே எடுப்பு கச்சிதமாக விழுந்தது. சினிமா பார்க்கும்போது இது தெரியாதாம், தாமதத்தைக் கணக்குப் பண்ணிப் படத்தையே பிடித்து வைத்துவிடுமாம் ஆப். பாட்டுக்காரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது என் வகுப்பில் ஒயர் கட்டாயம். சுருதிப்பெட்டி ஆப்புக்கு மட்டும் பட்ஸ் இருந்தால் பரவாயில்லை, சுருதி எப்போது வந்தாலும் சுருதிதான்.


செம்பூர் நைட் ஷிஃப்ட்:

எல்லோரும் ஒயர் பக்கமே சாய்கிறீர்கள். சமையலறையில் நின்று பேசுங்கள், அப்புறம் தெரியும். ஒயர் போட்ட காலத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டே திரும்பினேன், குக்கர் கைப்பிடியில் மாட்டி ஃபோன் நேராக இட்லி மாவுக் குண்டானில் இறங்கியது. அம்மா மாவுக்குள்ளிருந்து “ஹலோ ஹலோ” என்றார். அன்றிலிருந்து நான் பட்ஸ்தான். பாத்திரம் கழுவலாம், துணி உலர்த்தலாம்.

ஆனால் ஆபீஸ் காலுக்கு மட்டும் ஒயர். பாட்டு கேட்கும்போது பட்ஸ் நன்றாக இருக்கும், மைக் இயங்கிய உடனே தரம் இறங்கிக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். ஒலியும் குரலும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போக வேண்டுமே, அதற்கு ப்ளூடூத் வேறு வழிக்கு மாறுகிறது, அந்த வழி குறுகல். இன்னொன்றும் நடந்தது. போன மாதம் மேனேஜர் அழைத்தார், எடுத்தேன், சத்தமே இல்லை. பட்ஸ் மகள் காதில். உள் அறையிலிருந்து குரல் மட்டும் வருகிறது: “அம்மா, ஒரு அங்கிள் என்கிட்ட ரிப்போர்ட் எங்கேன்னு கேக்கறார்!”


முலுண்ட் பென்ஷன்:

யாரும் ரேடியோவைச் சொல்லவில்லை. ஃபோனில் எஃப்.எம். கேட்க அந்த ஒயர்தான் ஆன்டெனா. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது நான் சயனுக்கும் குர்லாவுக்கும் நடுவில் நின்ற வண்டியில் இருந்தேன். ஃபோனில் யாரையும் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக்காரர் ஒயரைக் காதில் மாட்டி எஃப்.எம். வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது கம்பெனிக்குக் கம்பெனி பின் வேறு. ஒருவர் ஒயர் இன்னொருவர் ஃபோனுக்குச் சேராது, அதனால் ஒரே வாய்தான் எங்களுக்கு ரேடியோ. விடியற்காலையில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.


டோம்பிவிலிக்காரன்:

தாராவி அண்ணன் கடைக்குப் போய் 450-க்கு வாங்கிவிட்டேன். பழைய இயர்போன் பாடுகிறது. சார்ஜ் போட்டபடி கேட்க முடியாது, ஒரே துளை. அது ஒன்றுதான் குறை.

நேற்று தானேயில் ஒயர் ஒருவருடைய பை ஜிப்பில் மாட்டிக்கொண்டது. அவர் இறங்குகிறார், கூடவே என் காதிலிருந்து இயர்போனும் போகிறது. கனெக்டர் மட்டும் ஃபோனிலேயே நின்றுவிட்டது. யாரோ “ஏ பையா, ஒயர்! ஒயர்!” என்று கத்த, அவர் பிளாட்பாரத்தில் நின்று, ஜிப்பிலிருந்து பிரித்து வாசலில் தொங்கியவர் கையில் திணித்தார். வண்டி நகர்ந்துவிட்டது. அது தலைக்கு மேலாக ஏழெட்டுக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

வலது காது ரப்பர் மட்டும் காணோம். அண்ணே, அது தனியாகக் கிடைக்குமா?