வெளிநாட்டுச் சந்தையில் பெயரும் வடிவமும் பறிபோகாமல் காத்தல்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தோட்டக் கருவிகளை ஏற்றுமதி செய்யும் உறுப்பினர்:

நமது பொருளைப் போலியாகச் செய்து விற்பவன் முகம் தெரியாத எவனோ ஒருவன் என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் முதலில் கை வைத்தவர், எங்கள் தொழிற்கூடத்துக்கு விருந்தினராக வந்து, ஒவ்வொரு பட்டறையையும் சுற்றிப் பார்த்து, ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போன விநியோகஸ்தரே. முதல் சரக்கு அவருடைய நாட்டுத் துறைமுகத்தில் இறங்குவதற்கு முன்பே, எங்கள் வணிகச் சின்னத்தை அங்கே தம் பெயரில் பதிவு செய்ய அவர் விண்ணப்பித்திருந்தார். நாங்கள் அமர்த்திய அந்நாட்டு வழக்கறிஞர் எங்கள் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்த கையோடு பதிவேட்டைத் தேடியபோது, கைக்கருவிகளுக்குரிய 8-ஆம் வகுப்பில் அதே பெயர், அதே எழுத்து வடிவம், இலைப் படத்துக்கு அடியில் எங்கள் ஓவியர் போட்ட சிறிய வளைகோடு உட்பட எல்லாமே இன்னொருவர் பெயரில் இருப்பது தெரிந்தது.

தாக்கல் செய்த நாளை மட்டும் பார்த்தால் அவர் முந்தியவர், நாங்கள் பிந்தியவர்கள். எங்களைக் காப்பாற்றியது 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை. சொந்த நாட்டில் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இன்னோர் உறுப்பு நாட்டில் அதே சின்னத்துக்கு விண்ணப்பித்து முன்னுரிமை கோரினால், முதல் விண்ணப்பத்தின் தேதியே அங்கும் கணக்கில் கொள்ளப்படும். எங்களுக்கு அந்தக் கெடு இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆகவே எங்கள் தேதி அவருடைய தேதிக்கு முன்னால் போய்விட்டது. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

கெடு தாண்டியிருந்தாலும் கதவு முழுதாக மூடியிருக்காது என்று வழக்கறிஞர் சொன்னார். அதே உடன்படிக்கையின் '6 செப்டீஸ்' என்னும் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி முகவரோ பிரதிநிதியோ சின்னத்தைத் தம் பெயரில் பதிவு செய்தால், அதை எதிர்க்கவும், ரத்து செய்யக் கோரவும், அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தம் பெயருக்கே மாற்றித் தரக் கேட்கவும் உரிமையாளருக்கு வழி தருகிறது. ஆனால் அவர் நம் முகவராகச் செயல்பட்டார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அந்த இடத்தில், ஒப்பந்தமே இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டரையும் கைகுலுக்கலையும் நம்பிச் சரக்கு அனுப்புகிறவர்கள் தடுமாறிப் போகிறார்கள்.

விநியோகஸ்தரிடம் நேரில் கேட்டபோது, சந்தையை வேறு யாரும் பிடித்துவிடாமல் உங்களுக்காகத்தான் பதிவு செய்தேன் என்றார். அது முழுப் பொய் என்று நான் கருதவில்லை. தம் செலவில் சந்தையை உருவாக்கிக் கொடுத்த பிறகு நாங்கள் வேறொருவரிடம் போய்விடுவோமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பதிவை ஒரு பிடியாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த அச்சத்துக்கு ஒப்பந்தத்திலேயே விடை கொடுத்தோம். குறிப்பிட்ட காலத்துக்குத் தனி விநியோக உரிமையும், முன்னறிவிப்பின்றி விலக்கினால் இழப்பீடும் அவருக்கு; சின்னமும், இணைய முகவரியும், சமூக ஊடகக் கணக்குகளும் எங்கள் பெயரில்; அவர் எதையேனும் பதிவு செய்தால் அது எங்களுக்கு மாற்றித் தரப்பட வேண்டும். இன்றும் அவரோடுதான் வணிகம் நடக்கிறது.

வணிகச் சின்ன வழக்கறிஞராகப் பணியாற்றும் உறுப்பினர்:

மேலே எழுதிய ஐயாவுக்குத் தேதி கைகொடுத்தது. எல்லா நாட்டிலும் தேதிக்கு ஒரே எடை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சின்னத்தின் மீதான உரிமை, அதை வணிகத்தில் பயன்படுத்துவதிலிருந்து பிறக்கிறது. சீனா போன்ற நாடுகளில் பெரும்பாலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் கெட்ட நோக்கத்தோடு செய்யப்படும் விண்ணப்பங்களை நிராகரிக்க வேண்டும் என்று சீனா 2019-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் கெட்ட நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுவதைவிட, விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது மிகவும் மலிவு.

ஏற்கெனவே பதிவாகிவிட்ட பெயரை விலைக்கு வாங்க நினைப்பவர்களிடம் நான் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வழக்கை நினைவூட்டுவேன். அந்தப் பெயரின் உரிமைகளை புரோவியூ குழுமத்தின் தைவான் நிறுவனத்திடமிருந்து, வேறொரு நிறுவனத்தின் வழியாக, 35,000 பவுண்டுக்கு ஆப்பிள் வாங்கியிருந்தது. சீனப் பதிவேட்டில் உரிமையாளராக இருந்ததோ அதே குழுமத்தின் ஷென்ஜென் நிறுவனம். அந்தப் பதிவைத் தைவான் நிறுவனம் விற்க முடியாது என்று வழக்கு எழுந்து, கடைசியில் 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்து ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. கையெழுத்திடும் நிறுவனமும் பதிவேட்டில் உள்ள நிறுவனமும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பெயரில் வாழ்வதும் உண்டு. பர்கர் கிங் ஆஸ்திரேலியாவில் ஹங்கிரி ஜாக்ஸ் என்று இயங்குவது, அந்தப் பெயர் அங்கே முன்பே வேறொருவர் வசம் இருந்ததால்தான்.

பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போதும் என்று மாட்ரிட் முறையைப் பலரும் விரும்புகிறார்கள். நானும் பரிந்துரைக்கிறேன், ஓர் எச்சரிக்கையோடு. சர்வதேசப் பதிவு முதல் 5 ஆண்டுகளுக்குச் சொந்த நாட்டுப் பதிவைச் சார்ந்தே நிற்கும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரை அவருடைய வெளிநாட்டுப் போட்டியாளர் எங்கே தாக்கினார் தெரியுமா? சரக்கு விற்கும் எந்த நாட்டிலும் இல்லை. சொந்த நாட்டுப் பதிவின் மீது ஆட்சேபம் கிளப்பினார். அங்கே பதிவு காக்கும் பொருட்களின் பட்டியல் குறுகியதும் மற்ற நாடுகளிலும் அதே அளவுக்குக் குறுகிவிட்டது. அப்படி இழந்ததை 3 மாதங்களுக்குள் அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நாங்கள் முக்கியமான சந்தைகளில் மட்டும் அதைச் செய்து, பழைய தேதியைக் காப்பாற்றினோம். சொந்த நாட்டுப் பதிவு உறுதியாக இல்லாதவர்கள் முதன்மையான சந்தைகளில் நேரடியாகத் தனி விண்ணப்பம் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

பதிவு கிடைத்ததும் கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். தொடர்ந்து 3 ஆண்டுகள் பயன்படுத்தாத சின்னத்தை ரத்து செய்யச் சீனாவில் எவரும் கோரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் 5 ஆண்டுகள். அமெரிக்காவில் 5-ஆம் ஆண்டுக்கும் 6-ஆம் ஆண்டுக்கும் இடையில் பயன்பாட்டு உறுதிமொழி தாக்கல் செய்ய வேண்டும். இன்வாய்ஸ், கப்பல் ஆவணம், தேதியோடு கூடிய விளம்பரம் ஆகியவற்றை நாடு வாரியாக எடுத்து வையுங்கள்.

பொருள் வடிவமைப்பாளரான உறுப்பினர்:

பெயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; என் தொழிலில் முதலில் போவது வடிவம். கண்காட்சி அரங்கில் எங்கள் விளக்கின் மூட்டுப் பகுதியை ஒருவர் கைபேசியில் படமெடுத்தார். பக்கத்தில் ஒரு பேனாவைக் கிடத்தி, அளவு தெரியும்படி மீண்டும் எடுத்தார். வாங்க வருகிறவர் மூட்டின் விட்டத்தை அளக்க மாட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை, ஏனென்றால் வடிவமைப்புப் பதிவுக்கான விண்ணப்பம் கண்காட்சி திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய அடையாள அட்டையில் இருந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன். பின்னாளில் அந்த நிறுவனத்தின் கேடலாக்கில் அதே மூட்டு வந்தபோது, எங்கள் வழக்கறிஞரின் கடிதத்துக்கு அந்தக் குறிப்பும் துணையாக நின்றது. அந்தப் பக்கத்தை அவர்கள் நீக்கிவிட்டார்கள்.

பொருளை உலகுக்குக் காட்டிய பிறகு விண்ணப்பிக்க எவ்வளவு அவகாசம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. காப்புரிமைக்கு அமெரிக்கா ஓராண்டு சலுகைக் காலம் தருகிறது, ஜப்பானும் 2018 முதல் ஓராண்டு தருகிறது. ஐரோப்பியக் காப்புரிமையிலோ, மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர, நாமே வெளியிட்டதும் நமக்கு எதிராகவே நிற்கும். வடிவமைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதச் சலுகை தருகிறது. பதிவே செய்யாத வடிவத்துக்கும் ஒன்றியத்துக்குள் முதலில் வெளியிட்ட நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாப்பு உண்டு, ஆனால் அது நகலெடுப்பதை மட்டுமே தடுக்கும். மாடலை அடிக்கடி மாற்றுகிற துறையினருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். எங்களைப் போல ஒரே அச்சைப் பல ஆண்டுகள் ஓட்டுகிறவர்களுக்குப் போதாது. வடிவமைப்பைப் பல நாடுகளில் ஒரே விண்ணப்பத்தில் பதிய உதவும் ஹேக் முறையில், ஒரே வகுப்பைச் சேர்ந்த 100 வடிவங்கள் வரை ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம் என்பதால், விற்கப் போகும் மாடலோடு அதன் மாற்று வடிவங்களையும் சேர்த்தே தாக்கல் செய்கிறோம். நகலெடுப்பவர் முதலில் மாற்றிப் பார்ப்பது அந்தச் சின்னச் சின்ன இடங்களைத்தான்.

நகலெடுப்பவர்களுக்கென்றே ஜெர்மனியில் 1977 முதல் 'பிளாகியாரியுஸ்' என்றொரு பரிசு இருக்கிறது. தங்க மூக்குடைய கறுப்புக் குள்ளன் பொம்மை. அதைப் பெற விரும்பாமலேயே சிலர் உரிமையாளரோடு சமரசத்துக்கு வந்துவிடுகிறார்களாம். சட்டத்தைவிடச் சங்கடம் வேகமாக வேலை செய்யும் இடமும் இருக்கிறது.

வெளிநாட்டுத் தொழிற்சாலையில் பொருளைத் தயாரித்து வாங்கும் உறுப்பினர்:

விற்காத நாட்டில் பதிவு எதற்கு என்று எங்கள் நிதிப் பொறுப்பாளர் கேட்டார். தயாராகும் நாட்டிலும் பதிவு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சீனச் சுங்கத் துறை வெளியே போகும் சரக்கையும் சோதிக்கிறது. அங்கே நம் சின்னத்தை வேறொருவர் பதிவு செய்திருந்தால், நம் பொருளையே போலி என்று சொல்லித் துறைமுகத்தில் நிறுத்த அவரால் முடியும். ஏற்றுமதிக்காக மட்டுமே தயாரித்தோம் என்பது தானாகவே தப்பிக்கும் வழியாகிவிடாது என்பதை, 2019-இல் ஹோண்டா தொடுத்த வழக்கில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் தெளிவாக்கியது.

எங்களுக்குச் சிக்கல் வந்தது தொழிற்சாலையை மாற்றியபோது. அச்சுகளுக்குப் பணம் கொடுத்தது நாங்கள். பழைய தொழிற்சாலை அவற்றைத் தர மறுத்தது. ஒவ்வோர் அச்சின் எஃகுப் பரப்பிலும் எங்கள் பெயரும் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தத்தின் இணைப்பில் அவற்றின் புகைப்படங்கள் இருந்தன. ஒப்பந்தம் அந்நாட்டு மொழியில், அந்நாட்டு நீதிமன்றத்துக்கு உட்பட்டதாக, மீறினால் எவ்வளவு இழப்பீடு என்ற தொகையோடு எழுதப்பட்டிருந்தது. வழக்கறிஞரின் கடிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நம் ஊர் நீதிமன்றத்தின் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற முடியாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், 'நம் நாட்டுச் சட்டமே பொருந்தும்' என்ற வரி பார்க்க கம்பீரமாக இருந்தாலும் நமக்கே பாதகமாகும். இரகசியத்தை வெளியிடாதே என்பதோடு நில்லாமல், தானே பயன்படுத்தாதே, நம்மைத் தாண்டி நம் வாடிக்கையாளரிடம் போகாதே என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சுங்க அனுமதி முகவரான உறுப்பினர்:

சின்னத்தைப் பதிவு செய்தவர்களில் பலர் அதைச் சுங்கத் துறையிடம் தனியாகப் பதிவு செய்வதில்லை. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி, போலிச் சரக்கை நிறுத்தியதாகத் தகவல் வந்தால் உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 10 வேலை நாள் கிடைக்கும். இல்லாவிட்டால் சரக்கு விடுவிக்கப்படும். வெள்ளிக்கிழமை மாலையில் வரும் மின்னஞ்சலை யார் திறப்பார் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். அதிகாரிக்குக் கொடுக்கும் அடையாளக் குறிப்பில், அசல் அட்டைப்பெட்டியின் மடிப்பு, லேபிளின் எழுத்து, வரிசை எண்ணின் அமைப்பு ஆகியவை படத்தோடு இருக்கட்டும். அங்கீகரிக்கப்பட்ட இறக்குமதியாளர் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால், உங்கள் சொந்தச் சரக்கே கண்டெய்னரோடு நிற்கும். அப்படி நின்ற சரக்கைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கத் துறையிடம் செய்யும் இந்த விண்ணப்பம் ஓராண்டுக்குத்தான் செல்லும், நீட்டிப்பதும் நம் பொறுப்பே.

இணையச் சந்தையில் விற்கும் உறுப்பினர்:

பெரிய தளங்களின் பிராண்டுப் பதிவேட்டில் சேர, பொதுவாக விற்கும் நாட்டின் சின்னப் பதிவையோ விண்ணப்பத்தையோ கேட்கிறார்கள். எனக்கு அதைவிட விரைவாகப் பலன் தந்தது பதிப்புரிமை. போலி விற்பவர் எங்கள் புகைப்படங்களையே எடுத்துப் போட்டிருந்தார். நிழலில் எங்கள் மேசையின் விளிம்புகூடத் தெரிந்தது. பதிப்புரிமை பற்றிய பெர்ன் உடன்படிக்கையால் உறுப்பு நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை என்பதால், மூலப் படக் கோப்புகளை இணைத்துப் புகார் அனுப்பியதும் பக்கம் நீங்கியது. அமெரிக்கச் சட்டப்படி எதிர்த்தரப்பு மறுப்பு அறிவிப்பு அனுப்பினால், நாம் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் பக்கம் திரும்ப வந்துவிடலாம். பொய்யான மறுப்பில் கையெழுத்திடுவது தண்டனைக்குரியது என்பதால், அந்தப் போலி விற்பவர் அதை அனுப்பவில்லை. புதிய படங்களை எடுத்துக்கொண்டு வேறு கடைப் பெயரில் வந்தார். அப்போதுதான் சின்னப் பதிவு பயன்பட்டது.

வேதிப்பூச்சு தயாரிக்கும் உறுப்பினர்:

நாங்கள் காப்புரிமைக்கே போகவில்லை. விண்ணப்பம் 18 மாதத்தில் பொதுவாக வெளியிடப்பட்டுவிடும்; அதன் பிறகு நாம் பாதுகாப்புப் பெறாத நாட்டில் எவரும் அதைப் படித்துச் செய்யலாம். பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய இயந்திரத்துக்குக் காப்புரிமைதான் சரி. எங்கள் பூச்சில் இரகசியம் இருப்பது சேர்மானத்தில் அன்று, சூடேற்றும் வரிசையில். டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39-ஆம் பிரிவு வணிக இரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் இரகசியமாக வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. வெளிநாட்டு வாங்குநர் தரத் தணிக்கைக்கு வந்து வெப்பநிலைப் பதிவுகளைக் கேட்டபோது, முடிவான பொருளின் சோதனை அறிக்கைகளைக் கொடுத்தோம். உலை அறையைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து, வெப்பநிலை காட்டும் திரைகளை அணைத்த பிறகே காட்டினோம். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு, தம் நிறுவனத்திலும் அந்த அறைக்குள் தம்மை விடுவதில்லை என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் இரகசியக் காப்பு உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திட்டார். ஆர்டரும் வந்தது.