டர்பனில் பிள்ளைகளுக்குத் துணி எங்கே வாங்குவது, ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி:

வணக்கம். கணவரின் வேலை காரணமாக வரும் டிசம்பரில் மதுரையிலிருந்து டர்பனுக்குக் குடிபெயர்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அங்கே துணிமணி விலை அதிகம், இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டியதை இங்கேயே வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அங்கே பிள்ளைகளை வளர்ப்பவர்கள் எங்கே வாங்குகிறீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்:

வணக்கம், சகோதரி. ஏழாண்டுகளுக்கு முன்பு இதே அறிவுரையைக் கேட்டு, தி. நகரில் வாங்கிய பதினான்கு கவுன்களோடு டர்பனில் வந்து இறங்கியவள் நான். அவற்றில் ஐந்தைத்தான் என் மகள் உடுத்தினாள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிச் சீருடையிலேயே கழிந்துவிடுவதால் மற்றவற்றைப் போட நாளே வாய்க்கவில்லை. அதற்குள் அவள் வளர்ந்துவிட, அவை விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாமல் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எனவே கடைகளின் பெயரைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளுக்கான துணிச்செலவு என்பது பெரும்பாலும் சீருடைச் செலவுதான். வீட்டில் போடும் துணி, உங்கள் உறவினர்கள் அஞ்சும் அளவுக்கு விலையுள்ளது அன்று.

இங்கே கல்வியாண்டு ஜனவரி நடுவில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நீங்கள் வந்து சேரும்போது பள்ளிகள் மூடியிருக்கும். திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் சீருடைக் கடைகளில் நம் ஊர்த் தீபாவளிக் கூட்டம் நிற்கும். ஆகவே சேர்க்கை உறுதியானவுடனே சீருடைப் பட்டியலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். கோடைச் சீருடை, குளிர்காலச் சீருடை, விளையாட்டு உடை, நீச்சல் உடை, வெயில் தொப்பி, சில பள்ளிகளில் பிளேசர் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். குளிர்கால உடை பள்ளியாண்டின் இரண்டாம், மூன்றாம் பருவங்களுக்கு உரியது. ஏப்ரலுக்கு முன் தேவைப்படாது. அதை ஜனவரியிலேயே வாங்கினால், போடும் நேரத்தில் கை நீளம் குறைந்திருக்கும். உங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டில் ஆறு வயது நிறையுமானால் அவள் சேர்வது, முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பு. அதற்குச் சில பள்ளிகள் முழுச் சீருடை கேட்பதில்லை, பள்ளிச் சின்னம் பதித்த டி-ஷர்ட் மட்டும் போதும் என்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை இரண்டாகப் பிரியுங்கள். சின்னமோ தனி நிறமோ இல்லாத பொருள்கள் ஒரு பக்கம்: வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற அரைக்கால் சட்டை, காலுறை, கறுப்புக் காலணி. சின்னம் தைத்த பொருள்கள் மறுபக்கம்: ஜெர்ஸி (இங்கே ஸ்வெட்டரை அப்படித்தான் சொல்வார்கள்), பிளேசர், கோல்ஃப் ஷர்ட் என்னும் காலர் வைத்த டி-ஷர்ட், தொப்பி. முதல் வகை முழுவதையும் பெப், அக்கர்மன்ஸ், ஜெட், பிக் அண்ட் பே கிளோதிங் ஆகிய எந்தக் கடையிலும் வாங்கலாம். இரண்டாம் வகைக்கு மட்டும் பள்ளி சுட்டிக்காட்டும் கடைக்குப் போனால் போதும். இது தெரியாமல் முதல் ஆண்டில் நான் பட்டியல் முழுவதையும் ஒரே சீருடைக் கடையில் வாங்கி, இரண்டு பிள்ளைகளுக்குமாக 7,800 ரேண்ட் கொடுத்தேன். காலுறைக்குக்கூடப் பெப்பில் கேட்பதைப் போல இரு மடங்கு. ரேண்டின் மதிப்பு ஏறக்குறைய ஐந்து ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே கடையைப் பெற்றோர்மீது திணிக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. சீருடை இயன்ற வரை பொதுவானதாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. ஆகவே "இதை வேறெங்கும் வாங்கலாமா?" என்று பள்ளி அலுவலகத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம், இங்கே பிறந்து வளர்ந்த பெற்றோர் எல்லாரும் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் இன்னொன்று, பள்ளியின் பழைய சீருடைக் கடை. பெற்றோரே நடத்தும் சின்ன அறையாக இருக்கும். பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள், ஓரிரு மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். பிறர் போட்டதை நம் பிள்ளைக்கு எப்படிப் போடுவது என்று என் மாமியார் தொலைபேசியில் மூன்று நாள் வருந்தினார். ஆனால் ஆண்டுக்கு இருபது முறைகூடப் போடாத பிளேசரைக் கடையில் 950 ரேண்டுக்கு விற்கும்போது, உலர்சலவை செய்து தொங்கவிட்ட அதே பிளேசரை 250 ரேண்டுக்கு வாங்கினேன். மகனுக்குச் சிறியதானதும் அதே அறையில் திருப்பிக் கொடுத்துப் பாதி விலையைப் பெற்றுக்கொண்டேன். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் இத்தகைய கைமாற்றம் ஓயாமல் நடக்கும். எதை வாங்கினாலும் பெயர்ச்சீட்டைத் தைத்துவிடுங்கள். ஐம்பது ஜெர்ஸிகளும் ஒரே நிறத்தில் கிடக்கும் இடத்தில் பெயரில்லாதது வீடு திரும்பாது.

காலணியில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. பாட்டாவின் டஃபீஸ் என்ற பள்ளிக் காலணியை இங்கே பாட்டி காலத்திலிருந்தே வாங்குகிறார்கள். சென்ற ஜனவரியில் ஓர் இணைக்கு 400 ரேண்ட் அளவில் கொடுத்தேன். அதற்குப் பாதி விலையில் கிடைக்கும் கறுப்புக் காலணியை ஒரு முறை வாங்கினேன், ஜூனில் அடி பிளந்தது. இங்கும் நம் ஊரைப் போலவே பிரிட்டிஷ் அளவு எண்தான் வழக்கம் என்பதால் அதில் குழப்பம் இல்லை. துணிக்குத்தான் குழப்பம். சீட்டில் 5-6, 7-8 என்று வயதைப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அந்த அளவில் நீளம் சரியாகவும் இடுப்பு தளர்வாகவும் இருக்கும். உள்ளே பொத்தானிட்டு இறுக்கும் எலாஸ்டிக் உள்ள கால்சட்டையாகப் பார்த்து எடுங்கள்.

சீருடையைப் பற்றிப் பேசும்போது, நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பும் உண்டு. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தென்னிந்தியக் குடும்ப மரபுப்படி மூக்குத்தி அணிந்த மாணவியைப் பள்ளி தடுத்தபோது, வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் அந்த நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் 'பிள்ளை (Pillay) வழக்கு' என்று சட்டம் படிப்போர் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் மகளுக்கு மூக்குத்தியோ கையில் காப்புக்கயிறோ இருந்தால், சேர்க்கையின்போதே பள்ளிக்குக் கடிதம் எழுதித் தெரிவித்துவிடுங்கள். அழகுக்காக அணியும் தொங்கட்டானுக்கு இது பொருந்தாது.

இனி வீட்டுத் துணி. அன்றாடத்துக்கு நான் முதலில் போவது பெப். 1965இல் தொடங்கிய இக்கடை, இல்லாத சிற்றூரே இல்லை எனும் அளவுக்குப் பரவியிருக்கிறது. உள்ளே நுழைந்தால் துணிக்கடையா தபால் நிலையமா என்று உங்களுக்கு ஐயம் வரும். பனியன் தொங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கைப்பேசி விற்பார்கள், பார்சலும் அனுப்பித் தருவார்கள். உள்ளாடை, இரவு உடை, வீட்டில் போடும் டி-ஷர்ட் எல்லாம் அங்கே எனக்கு 50 முதல் 90 ரேண்டுக்குள் முடிகின்றன. குழந்தைத் துணிக்கு அக்கர்மன்ஸ் அதைவிட ஒரு படி மேல், தையல் உறுதியாக இருக்கும். மிஸ்டர் பிரைஸ் டர்பனையே தலைமையிடமாகக் கொண்டது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் அங்கேதான் இழுத்துக்கொண்டு போவார்கள். வூல்வொர்த்ஸ் விலை கூடியது, ஆனால் பருத்தி என்றால் பருத்திதான். தோல் ஒவ்வாமை உள்ள என் மகளுக்கு உள்பனியன்களை மட்டும் அங்கே வாங்குகிறேன். கேட்வே, பெவிலியன் போன்ற பெரிய மால்களில் இவை அனைத்தும் இருக்கும் என்றாலும், அங்கே போனால் துணியைவிடத் தின்பண்டத்துக்கே அதிகம் செலவாகும். இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்தில் உள்ள சாட்ஸ்வர்த் சென்டர் போன்ற குடியிருப்புப் பகுதிக் கடைத்தொகுதியே போதும். சாட்ஸ்வர்த்தில் வார இறுதியை ஒட்டிக் கூடும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறியோடு பிள்ளைகளின் துணியும் மலிவாகக் கிடைக்கும். அங்கே விற்பவர்களில் பலர் நம் முகச்சாயலோடு இருப்பார்கள், தமிழ் பேசமாட்டார்கள். "ஆன்ட்டி" என்று அழைத்து விலை கேளுங்கள்.

சீட்டில் போட்டிருக்கும் விலையில் 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும், பணம் கட்டும்போது கூடுதலாக எதுவும் சேராது. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஜிப் உடைந்தாலும் தையல் விட்டாலும் ரசீதோடு போங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது கடையின் விதியைப் பொறுத்தது.

கடைக் கணக்கு அட்டையைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். பணம் கட்டும் இடத்தில் "கணக்கு இருக்கிறதா, திறந்து தரட்டுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். ஆறு மாதத் தவணைக்கு வட்டி இல்லை என்ற ஒரு சொல்லில் மயங்கி நான் ஒரு கடையில் திறந்தேன். காப்பீடு, மாத இதழ்ச் சந்தா என்று நான் கேட்காத இரண்டு கட்டணங்கள் மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போனதை எட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். தவணையில்தான் வாங்க வேண்டும் என்றால் லே-பை முறையே மேல்: சிறு முன்பணம் கட்டிப் பொருளைக் கடையிலேயே ஒதுக்கி வைத்து, சிறுகச் சிறுகக் கட்டி முடித்ததும் எடுத்துக்கொள்வது. கடன் இல்லை, வட்டியும் இல்லை. இங்குள்ள பல தாய்மார்கள் அக்டோபரிலேயே சீருடையை லே-பையில் போட்டுவிட்டு ஜனவரியில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஷீன், டெமு போன்ற வெளிநாட்டு இணையக் கடைகளில் முன்பு மிக மலிவாக வாங்கினோம். 2024 செப்டம்பர் 1 முதல் 500 ரேண்டுக்குக் குறைந்த பார்சல்களுக்கும் வாட் வரி விதிக்கப்படுகிறது. இறக்குமதித் துணிக்கான சுங்க வரியோ 45 சதவீதம். சிறு பிள்ளைத் துணிக்கு அந்தக் காத்திருப்பு இப்போது பயனுள்ளதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு இரண்டு பிள்ளைகளுக்கும் ஆன செலவை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஜனவரிச் சீருடையும் காலணியும் 4,700 ரேண்ட், குளிர்கால உடை 1,300, விளையாட்டுக்கும் நீச்சலுக்கும் 1,100, வீட்டுத் துணியும் பிறந்தநாள் விழாத் துணியும் 2,600, தீபாவளி உள்ளிட்ட பண்டிகைக்கு 1,200. ஆக 10,900 ரேண்ட், மாதத்துக்கு 900 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அரசுப் பள்ளியில் படிக்க வைக்கிறோம். தனியார் பள்ளி என்றால் சீருடைக் கணக்கு இதைவிட ஏறும்.

கேள்வி:

மிக்க நன்றி, அக்கா. அப்படியானால் மதுரையிலிருந்து எதையுமே எடுத்து வர வேண்டாமா? குளிருக்குக் கனத்த ஜாக்கெட் வேண்டுமா? பட்டுப்பாவாடை அங்கே கிடைக்குமா?

பதில்:

டர்பன் குளிருக்குக் கனத்த ஜாக்கெட் வேண்டாம். ஜூன், ஜூலையில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும். அதிகாலையில் மட்டும் 11, 12 வரை இறங்கும். பள்ளி ஜெர்ஸியும் உள்ளே ஒரு பனியனும் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை என்றால் வேறு கதை. அங்கே இரவில் உறைநிலையைத் தொடும், வீடுகளில் சூடேற்றும் வசதியும் பெரும்பாலும் இராது. குளிர்காலத் துணி மார்ச்சிலேயே கடைக்கு வந்து ஜூலையில் தள்ளுபடிக்குப் போகும் என்பதால், அங்குள்ளவர்கள் அடுத்த ஆண்டுக்கான ஜாக்கெட்டை ஓர் அளவு பெரியதாக அந்தத் தள்ளுபடியில் வாங்கி வைக்கிறார்கள்.

மதுரையிலிருந்து பட்டுப்பாவாடை, வேட்டி சட்டை, சுங்குடித் துணி ஆகியவற்றை எடுத்து வாருங்கள். இங்கே கிரே தெரு என்று இன்றும் எல்லாரும் அழைக்கும் டாக்டர் யூசுப் தாதூ தெருவிலும் அதை ஒட்டிய மத்ரஸா ஆர்கேடிலும் இந்திய உடைகள் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் வட இந்தியப் பாணி, விலையும் இருமடங்கு. பட்டு தேவைப்படும் நாள்களும் குறைவல்ல. தைப்பூசக் காவடிக்கும் தீபாவளிக்கும் மட்டுமன்றி, செப்டம்பர் 24ஆம் தேதி பாரம்பரிய நாளை ஒட்டிப் பள்ளியிலேயே மரபு உடையில் வரச் சொல்வார்கள். மடிப்பு உள்ளே விட்டுத் தைத்த பாவாடையாக இரண்டு எடுத்தால் மூன்றாண்டு ஓடும். பருத்தி உள்பனியன் ஆளுக்கு ஒரு டஜன் வையுங்கள். சிவிஸ் டே என்று பள்ளியில் அவ்வப்போது சிறு நன்கொடை வாங்கிக்கொண்டு சீருடையில்லாமல் வர விடும் நாள்களுக்காக ஆளுக்கு நாலைந்து நல்ல உடைகளும் போதும். பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் புளியும் அப்பளமும் வைப்பதா என்று கேட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி உரையாடல் இழையே இருக்கிறது.