மசால், தட்டைப்பயறு என்று பயறு வகைத் தீவனம் போடுகிறவர்கள் மண்ணுக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஆலங்குளம் பக்கத்திலிருந்து:

செம்மண், கிணற்றுப் பாசனம். கன்னி ஆடுகளுக்காக வேலிமசால் போட்டிருக்கிறேன். ஒரு பாதியில் குளத்துக் கரம்பையும் (வண்டல் மண்) தொழுவுரமும் இறைத்து, அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் வைத்தேன். மறுபாதியில் தொழுவுரத்தோடு யூரியா மட்டும். ஆரம்பத்தில் யூரியாப் பக்கம்தான் கருகருவென்று நின்றது. முதல் அறுப்புக்கு அப்புறம் கதை மாறிவிட்டது. கரம்பைப் பக்கம் வெட்டின கட்டையெல்லாம் கிளை கிளையாகத் தளிர்த்தது. யூரியாப் பக்கம் துளிர் பிந்தியது, இலையும் சிறுத்துவிட்டது. ஆடுகள் இலையை உருவிவிட்டுக் குச்சியை ஒதுக்கின.

காரணம் வேரில் தெரியும். செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர் முடிச்சு அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) அது பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். யூரியாப் பக்கத்து முடிச்சுகள் சின்னதாக, வெளிறிக் கிடந்தன. தழைச்சத்து கையில் கிடைக்கும்போது முடிச்சுக்குள் இருந்து அதைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவுக்குச் செடி சோறு போடாது. முடிச்சு வேலை செய்ய மணிச்சத்துதான் (பாஸ்பரஸ்) முக்கியம். வேலிமசாலுக்கு எக்டேருக்குத் தழை 10, மணி 60, சாம்பல் 30 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு மணிச்சத்து 24 கிலோ, அதாவது 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டையில் மூன்று. அதிலேயே கால்சியமும் கந்தகமும் வந்துவிடும். இலையில் புரதம் ஏறக் கந்தகம் வேண்டும்.

மானூர் பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி, எங்கள் கரிசலில் சிக்கல் வேறு. குதிரை மசால் மஞ்சளடித்தது. மண் ஏடு கட்டி, பாய்ச்சின தண்ணீர் இறங்காமல் நின்றது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டியிருந்தது. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, பொடி வாங்கிப் போடு என்றார்கள். சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்குத்தான். எங்களுடையது போல் சோடியம் ஏறின களர் மண்ணில் கரையவே கரையாது. ஜிப்சம் கரையும். அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டிய சோடியத்தை இறக்கிவிடும். அப்புறம் மழைத் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். வடிகால் இல்லையென்றால் போட்ட ஜிப்சம் வீண். வாய்க்கால் வெட்டிவிட்டு ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டேன். மழை ஓய்ந்து விதைத்த மசால் வேர் பிடித்துப் பச்சையாக எழும்பியது.

விதைக்கு ரைசோபியத்தை, அதாவது அந்த முடிச்சு பாக்டீரியாவை, ஆறின கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதைப்பேன். ரசாயன உரத்தோடு சேர்த்துத் தூவினால் பாக்டீரியா செத்துப்போகும்.

சேரன்மகாதேவியிலிருந்து:

உரத்துக்காக ஆடுகளை ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுக்கிடை அமர்த்தின வயலில் உடனே தட்டைப்பயறு போட்டால் கொடி ஓடுமே தவிர முடிச்சு குறைவு, களையும் மண்டிவிடும். நான் கிடைக்கு அப்புறம் முதலில் தீவனச் சோளம் எடுப்பேன், பிறகுதான் பயறு. பாதிச் செடி பூத்ததும் அறுத்துவிடுவேன். காய் முற்றினால் நார் ஏறி மாடு ஒதுக்கும்.

மானூர் அண்ணாச்சி, ஜிப்சம் ஏக்கருக்கு எவ்வளவு போடச் சொன்னார்கள்? எங்கள் மேட்டு வயலிலும் இந்த வருஷம் ஏடு கட்டுகிறது.